கடப்பாரைக்கு முந்திய கேமரா

1871 அக்டோபரில் சிகாகோ நகரம் இரண்டு நாள் விடாமல் எரிந்தது. 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஊரே அழுதது, கட்டடக் கலைஞர்கள் மட்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள். அப்படி வேலை தேடி வந்தவர்களில் ஒருவர், பதினேழு வயது நிரம்பிய லூயி சல்லிவன்.

அங்கே அவருக்கு டாங்க்மர் அட்லர் என்ற கூட்டாளி கிடைத்தார். அட்லர் கணக்கில் புலி; கடைசி வரிசைக்கும் பாட்டு தெளிவாகக் கேட்கிற அரங்கு கட்டத் தெரிந்தவர். சல்லிவனுக்கோ கை ஓயாது. சுவர், தூண், கதவு, படிக்கட்டுக் கம்பி என்று தொட்ட இடமெல்லாம் கொடியும் இலையுமாகப் படரவிடுவார். 1889இல் திறந்த ஆடிட்டோரியம் அரங்கம் இருவரையும் உச்சியில் ஏற்றியது. நாடகக் கொட்டகை, வழிபாட்டிடம், தொழிற்சாலை, பணக்காரர் வீடு என்று வேலைகள் குவிந்தன. 1893இல் பொருளாதாரம் கவிழ்ந்தது. இரண்டு வருடத்தில் கூட்டும் உடைந்தது. 1924இல் சல்லிவன் சிகாகோவின் ஒரு விடுதி அறையில் கையில் காசில்லாமல் செத்துப்போனார். அவருடைய கட்டடங்கள் கரி படிந்து, கைமாறி, யார் கட்டியது என்று கேட்க ஆளில்லாமல் நின்றன.

1950களின் தொடக்கத்தில் சிகாகோவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் புகைப்பட ஆசிரியர் ஆரன் சிஸ்கிண்ட் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். ஊரில் மிச்சமிருக்கும் அட்லர்-சல்லிவன் கட்டடங்களைத் தேடிப்பிடித்துப் படமெடுக்க வேண்டும். ஒரு கண்காட்சி வைக்கலாம். கண்காட்சியும் நடந்தது. ராணுவத்திலிருந்து திரும்பி அரசாங்கச் செலவில் படிக்க வந்திருந்த ரிச்சர்ட் நிக்கல் என்ற மாணவருக்கு மட்டும் அந்தப் பயிற்சி முடியவே இல்லை.

நிக்கல் பழைய கட்டட அனுமதிகளையும் பத்திரிகைகளையும் கிளறினார். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத அட்லர்-சல்லிவன் வீடுகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் காத்திருப்பார். சுவரை உரசிக்கொண்டு வெயில் சாய்வாக விழும்போதுதான் சல்லிவனின் சுடுமண் பூவேலை மேலெழும்பித் தெரியும். நேருக்கு நேர் அடிக்கும் வெயிலில் அது வெறும் அழுக்குச் சுவர். எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நூலாகப் போடுவதென்று பேச்சாயிற்று. ஆனால் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் சிகாகோ அப்போது பேட்டை பேட்டையாக இடிபட்டுக்கொண்டிருந்தது. கேமராவுக்கும் கடப்பாரைக்கும் பந்தயம் தொடங்கியது.

1960இல் அட்லர்-சல்லிவனின் கேரிக் அரங்குக்கு முறை வந்தது. 1892இல் எழுந்த 17 மாடிக் கட்டடம். கூச்ச சுபாவம் உள்ள நிக்கல் தட்டி ஏந்தித் தெருவில் நின்றார். மேயர் டேலிகூட முதலில் இரக்கம் காட்டினார். நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் சாய, 1961இல் அரங்கம் விழுந்தது. அந்த இடத்தில் கார் நிறுத்தக் கட்டடம் வந்தது! இனிப் படம் மட்டும் போதாது என்று நிக்கல் முடிவு செய்தார். நண்பர்கள் ஜான் வின்சி, டேவிட் நோரிஸோடு இடிபாட்டுக்குள் புகுந்து, உளியாலும் கயிற்றாலும் பூவேலைத் துண்டுகளைக் கழற்றி இறக்கினார். துணிச்சலான வேலைதான். உள்ளே ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது.

1971இல் அதே இருவரின் பங்குச் சந்தைக் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். 1894இல் முடிந்த 13 மாடி. அதன் வர்த்தகக் கூடத்தை மட்டுமாவது பிரித்தெடுத்துக் காப்பாற்றும் வேலை வின்சியிடம் வந்தது. நிக்கலும் கூடவே நின்றார். கூடம் பத்திரமாக வெளியே வந்தது. அதோடு விட்டிருக்கலாம். 1972 ஏப்ரல் 13 அன்று, எஞ்சியதில் எதையாவது மீட்கலாமென்று நிக்கல் தனியாக உள்ளே போனார். ஜூனில் அவருக்குக் கல்யாணம். அன்றிரவு வீடு திரும்பவில்லை.

26 நாள் கழித்து, மே 9 அன்று இடிபாட்டுக்கு அடியில் அவருடைய உடல் கிடைத்தது. வயது 43. சல்லிவன் இருக்கும் அதே கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். நூல்? அது பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களாகவும் குறிப்புகளாகவும் பாதியில் நின்றுபோனது.

நண்பர்கள் அவர் பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். வர்த்தகக் கூடத்தை 1977 வாக்கில் ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்துக்குள் மறுபடி கூட்டி நிறுத்தினார்கள். நூலோ நகரவில்லை. 1991இல் சிஸ்கிண்டும் காலமானார். பிறகு 2006 வந்தது. ஜனவரியில் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயம், கூரையைச் செப்பனிடும்போது தீப்பிடித்து எரிந்தது. அட்லரின் தந்தை ரபியாக இருந்த யூத சபைக்காக முதலில் எழுந்த கட்டடம் அது. அக்டோபரில் வர்ட் டெக்ஸ்டர் கட்டடம். நவம்பரில் ஹார்வியின் மரவீடு. இடிப்பவர்களிடம் தப்பியவை, ஒரே வருடத்தில் மூன்று, தீக்கு இரையாயின. அவற்றின் நல்ல காலத்து முகம் நிக்கலின் பெட்டிகளில் இருந்தது.

2010இல் அந்தப் பெட்டிகள் நூலாயின. ‘தி கம்ப்ளீட் ஆர்க்கிடெக்சர் ஆஃப் அட்லர் அண்ட் சல்லிவன்’. 250க்கும் மேற்பட்ட கட்டடப் பணிகள் அடங்கிய தடித்த புத்தகம். இன்று கட்டடக்கலை நூலகங்களில், எப்போதும் அங்கேயே இருந்ததுபோல அலமாரியில் நிற்கிறது. ஆசிரியர்கள் நால்வர்: நிக்கல், சிஸ்கிண்ட், வின்சி, வார்டு மில்லர். முதல் இருவர் அச்சுப் பிரதியைப் பார்க்கவில்லை. நிக்கல் சேர்த்துவைத்த சுமார் 15,000 படங்களும் நெகட்டிவ்களும் குறிப்புகளும் ஆர்ட் இன்ஸ்டிடியூட் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சல்லிவனைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் இனி அந்தப் பெட்டிகளைத் திறக்காமல் எழுத முடியாது.