கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் புயல் நினைவுகள்

கள்ளக்குறிச்சி, தமிழ்நாட்டின் கடற்கரை இல்லாத மாவட்டங்களுள் ஒன்று. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கள்ளக்குறிச்சி நகரத்திற்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு உண்டு. ஆயினும் வங்கக் கடலில் உருவான புயல்கள் இவ்வட்டார மக்களின் நினைவில் நிலைத்துள்ளன. அந்நினைவுகளில் காற்றைவிட ஆறுகளுக்கே பெரிய இடம் உண்டு.

நில அமைப்பு

மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. இங்கு மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகள் இம்மலையின் நீரைச் சுமந்து இறங்கி, பின்னர் வெள்ளாற்றில் சேர்கின்றன. இரண்டின் குறுக்கேயும் அணைகள் உள்ளன. மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள திருக்கோவிலூர் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர். கிழக்கே கடலில் தோன்றும் புயலின் நீர், இம்மாவட்டத்திற்குள் மேற்கிலிருந்து வெள்ளமாக வருவதற்கு இந்த அமைப்பே காரணம்.

தானே புயல், 2011

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மிகத் தீவிரப் புயலான அதன் காற்று மணிக்குச் சுமார் 140 கி.மீ. வரை வீசியது. பண்ருட்டிப் பகுதியில் முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அப்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. ஒரு தலைமுறைக்குப் புயல் என்றால் முறிந்த மரமும் சாய்ந்த மின்கம்பமும் என்ற எண்ணத்தைத் தானே விட்டுச் சென்றது.

ஃபெஞ்சல் புயல், 2024

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தில் தானேயைவிட வலுக்குறைந்தது. ஆனால் அது விரைந்து நகராமல் பல மணி நேரம் ஒரே பகுதியில் நின்றது. பின் மெல்ல மேற்கே சென்று உள்மாவட்டங்களில் பெருமழை பொழிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. அந்நீர் தென்பெண்ணை வழியே சாத்தனூர் அணையை அடைந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ளம் வந்தபோது புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேலாகியிருந்தது. காற்று ஓய்ந்தால் ஆபத்தும் ஓய்ந்தது என்ற பழைய கணக்கு இங்கே பொய்த்தது.

மலைமேல் புயல்

கல்வராயன் மலையில் பெருமழையின் முதல் விளைவு வழி அடைபடுவதே. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிகின்றன. பாலமில்லாத ஓடைகள் பெருகிச் சிற்றூர்களைப் பிரிக்கின்றன. நோயாளிகளையும் மகப்பேற்றுக்குச் செல்வோரையும் கீழே கொண்டு செல்வது கடினமாகிறது. நீர் தேங்கிய நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு அழுகிவிடும். கோமுகி அணையின் உயரம் 46 அடி. மலையில் பெய்யும் மழையால் அது விரைவில் நிரம்பக்கூடியது. உபரி நீர் திறக்கப்படும்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது.

நினைவின் பயன்

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004இல் தொடங்கியது. அதற்கு முன் ஊர் மக்களுக்கு அவை ‘புயலடித்த வருஷம்’, ‘வெள்ளம் வந்த வருஷம்’ என்பவையே. பிறப்பையும் திருமணத்தையும் அவ்வாறு கணக்கிட்ட முதியோர் உண்டு.

மழைமானி சென்டிமீட்டரைத் தரும். அணைப் பதிவேடு கன அடியைத் தரும். எந்தத் தெருவில் நீர் முதலில் ஏறியது, எந்த ஓடை முதலில் வழியை அடைத்தது, எந்த மேட்டில் மக்கள் ஒதுங்கினர் என்பவை பெரும்பாலும் வாய்மொழியிலேயே உள்ளன. ஒரு புயலின் நினைவு மட்டும் அடுத்த புயலுக்குப் போதாது என்பதைத் தானேயும் ஃபெஞ்சலும் காட்டின. பல புயல்களின் நினைவுகளை ஊர்தோறும் எழுதிச் சேர்த்து வைத்தால், அடுத்த வெள்ளத்தின் வழியை முன்கூட்டியே அறிய அவை உதவும்.