மாரியோவைத் தெரியும், செய்தவரைத் தெரியாது



1990-களில் நம் நரிக்குடிப் பக்கம் டிவி இருந்த சில வீடுகளில் கோடை விடுமுறை என்றாலே வீடியோ கேம்தான். கேசட்டின் மேல் "9999 இன் 1" என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டம்தான் தேறும். மற்றதெல்லாம் அதே மாரியோ, அதே கான்ட்ரா, வேறு பெயரில். அந்தக் கேசட்டின் வரலாற்றை இன்று சொல்கிறேன்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதில் பூட்டு கிடையாது. யார் செய்த கேசட்டும் ஓடும். தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்து நகல் பெட்டிகள் செய்தார்கள். அவைதான் பல பெயர்களில் நம் ஊர் வரை வந்தன.

1985-ல் அமெரிக்காவில் விற்ற பெட்டியில் நிண்டெண்டோ பூட்டு வைத்தது. பெட்டியில் ஒரு சிப், கேசட்டில் ஒரு சிப். இரண்டும் ஒரே கணக்கைப் போடும். விடை ஒத்துவராவிட்டால் ஆட்டம் ஓடாது. அந்தப் பூட்டைத் திறக்க அட்டாரி கேம்ஸ் என்ற பெரிய நிறுவனமே, வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் புரோகிராமின் நகலை வாங்கியது. 1992-ல் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. ஆக, ஏழை நாட்டுக்காரன் மட்டும் திருடவில்லை.

நம் நாட்டில் 1984-லேயே கணினி புரோகிராம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பூட்டை உடைப்பது தனிக் குற்றமானது 2012-ல்தான். இடையே 2004-ல் தமிழக அரசு திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. அது சினிமாவுக்கும் பாட்டுக்கும்தான். விளையாட்டை யாரும் நினைக்கவில்லை.

வாங்கிய பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அசல் கேசட் நம் பக்கத்துக் கடைகளில் கிடைத்ததில்லை. ஆனால் நகல் எடுத்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பல ஆட்டங்களின் முதல் திரையில் இருந்த நிறுவனத்தின் பெயரையே அழித்துவிட்டார்கள். அதனால் மாரியோவைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அவனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவைத் தெரியாமல் போனது.

இந்த வலி அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புரியும். கைத்தறியில் யோசித்துப் போட்ட கரை விசைத்தறியில் மலிவாக வந்துவிடும். நெய்தவர் பெயர் எங்கும் இராது. அதைத் தடுக்கத்தான் 1985-ல் சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி மத்திய அரசு சட்டம் போட்டது.

இன்று உங்களில் பலர் கணினி வேலையில் இருக்கிறீர்கள். உங்கள் உழைப்பையும் ஒருவன் பெயரை அழித்துவிட்டு விற்கலாம். பிள்ளைகள் போனில் புது ஆட்டம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், "இதைச் செய்தது யார்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் கேசட் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.