புகையில்லா நெருப்பும் புகைக்கூடும்



மலையின்மேல் புகை தெரிகின்றது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. தருக்கம் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதன்முதலிற் காட்டும் அனுமானம் இதுவே. புகையைக் கொண்டு நெருப்பை அறியலாம். நெருப்பைக் கொண்டு புகையை அறிதல் பொருந்தாது என்றும் தருக்க நூலார் எச்சரித்து வைத்தனர். பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையில் நெருப்புண்டு, புகையில்லை என்பது அவர்கள் தந்த உதாரணம். வாதத்தின்பொருட்டு அவர்கள் தேடிப் பிடித்த அந்த உருண்டைக்கு நிகரான ஒன்று, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகக் குளிர்நாட்டு வீடுகளின் நடு அறையில் வந்து அமர்ந்திருக்கின்றது. அதுதான் வாயுக் கணப்பு. புகையே இல்லாத நெருப்புக்குப் புகைக்கூடு எதற்கு என்று மக்கள் கேட்டது இயல்பே. அக்கேள்விக்குச் சரியான விடை வீடுதோறும் போய்ச் சேர்வதற்குள் மாண்டவர் பலர். அந்த வரலாற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டேன்.

இங்கிலாந்திலே நடுக்காலத்தில் பெரிய மண்டபங்களின் நடுவிலேதான் தீ எரிந்தது. புகை எழுந்து கூரையில் விட்டிருந்த திறப்பு வழியே தன் விருப்பம்போல் வெளியேறும். சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்படுப்பு பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டைகளிலே காணப்படினும், சாதாரண குடிகளின் வீட்டுக்குப் புகைக்கூடு வந்து சேர நானூறு ஆண்டுகள் சென்றன. வில்லியம் ஹரிசன் என்ற பாதிரியார் 1577 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நாட்டு வருணனையில், தம் ஊர்க் கிழவர்கள் வியந்து பேசிய மாற்றங்களுள் ஒன்றாகப் புதிதாய்ப் பெருகிய புகைக்கூடுகளைக் குறிப்பிடுகின்றார். முன்னாளில் வீட்டுக்குள் நிறைந்த புகை மரங்களை உறுதிப்படுத்தியது, வீட்டாரையும் நோயினின்று காத்தது என்று அவர்கள் நம்பினராம். புகைபட்ட கூரையைப் பூச்சி அரிக்காது என்று நம் பாட்டிமாரும் சொல்வதில்லையா? கண்ணைக் கரிக்கும் அந்தப் புகை வேறொரு நன்மையும் செய்தது. அடுப்பு சரியாக எரியவில்லை என்பதை அது உடனே அறிவித்தது. புகை சூழ்ந்தால் எவரும் உறங்கிக் கிடப்பதில்லை. எழுந்து கதவைத் திறப்பர்.

புகைக்கூடு ஏன் இழுக்கின்றது, ஏன் சிலவேளை இழுக்க மறுக்கின்றது என்பதை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினை முதலிற் சொல்லவேண்டும். 1744 இல் தாம் அமைத்த இரும்புக் கணப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்ட அவர், அதற்குத் தனியுரிமை பெற மறுத்துவிட்டார். ஆயினும் என் மனத்தைக் கவர்வது அந்தக் கணப்பன்று. 1785 இல், எழுபத்தொன்பது வயதிலே, பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும் கப்பலில் இருந்தபடி, இன்கன்ஹூஸ் என்ற வைத்தியருக்கு அவர் எழுதிய நெடுங்கடிதமே. புகைக்கூடு அறைக்குள் புகையைத் திருப்பித் தள்ளுவதற்குரிய காரணங்களை அதில் அவர் வரிசைப்படுத்துகின்றார். முதற் காரணமாக அவர் வைப்பது வீடு நன்றாகக் கட்டப்பட்டிருப்பது! கதவும் யன்னலும் இடைவெளியின்றிப் பொருந்திய புது வீட்டிலே வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. உள்ளே வராத காற்று புகைக்கூட்டின் வழியே மேலே போவது எங்ஙனம்?

இதைச் சோதிக்க அவர் கூறிய உபாயம் ஒரு பள்ளிப் பிள்ளையும் செய்யக்கூடியது. நடுத்தரமாகத் தீ எரியும்போது கதவைச் சிறிது சிறிதாகச் சாத்திக்கொண்டே வரவேண்டும். புகை அறைக்குள் திரும்பத் தொடங்கியதும், அது நிற்குமளவுக்குக் கதவைச் சற்றே திறந்து, அந்த இடைவெளியை அளக்கவேண்டும். எட்டடி உயரக் கதவில் அரை அங்குல இடைவெளி என்று கொள்வோம். பரப்பு நாற்பத்தெட்டுச் சதுர அங்குலம். அப்படியாயின் ஆறங்குலத்துக்கு எட்டங்குலம் அளவான காற்றுவழி ஒன்று அந்த அறைக்கு வேண்டும் என்பது கணக்கு. இன்றைக்கும் பிரித்தானியாவில் வாயுக் கணப்பைப் பொருத்தும் தொழிலாளர் இதற்கு நெருங்கிய ஒரு சோதனையைச் செய்கின்றனர். கதவு யன்னல்களைச் சாத்தி, விசிறிகளை ஓடவிட்டு, கணப்பைச் சில நிமிடம் எரித்தபின், புகையும் குச்சியொன்றை அதன் விளிம்பிலே பிடிப்பர். குச்சியின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் வழி நன்று. அறைக்குள் திரும்பினால் கணப்பை அணைத்துவிடவேண்டியதுதான்.

பிராங்கிளினுக்குப் பின் றம்போர்ட் பிரபு 1790 களில் இலண்டன் வீடுகளின் புகைக்கூட்டுத் தொண்டையை ஒடுக்கி, கணப்படுப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்து, அறைக்குள் வெப்பம் மிகவும் புகை குறையவும் செய்தார். அவை யாவும் விறகுக்கும் நிலக்கரிக்கும் உரியன. 1792 இல் வில்லியம் மேர்டொக் என்பவர் நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவைக் கொண்டு தம் வீட்டில் விளக்கேற்றினார். 1812 இல் இலண்டனில் வாயுக் கம்பனி பட்டயம் பெற்றது. முதலில் அந்த வாயு வெளிச்சத்துக்கு மாத்திரமே பயன்பட்டது. வாயுவை எரியுமுன்பே காற்றோடு கலந்து புகையற்ற நீலச் சுவாலையாக எரிக்கும் முறையை, 1855 அளவில் ஜேர்மனியப் பேராசிரியர் புன்சனின் ஆய்வுகூடம் தந்தது. நம் பாடசாலை விஞ்ஞான கூடங்களில் அவர் பெயராலேயே அந்தச் சுடரடுப்பு வழங்குகின்றது. சுடும் அடுப்பும் வாயுக் கணப்பும் அதன் வழித்தோன்றல்களே. நீலச் சுவாலையின் முன்னே சுட்ட களிமண் துண்டுகளையோ கல்நாரையோ வைத்தால் அவை செந்தழலாகி அறையைச் சூடாக்கும். சாம்பல் இல்லை, புகைக்கரி இல்லை, வேலைக்காரியை விடியற்காலையில் எழுப்பவேண்டியதில்லை. புகைக்குழாயே வேண்டாத கணப்பு என்று சொல்லி விற்றவர்களும் இருந்தனர்.

இங்கேதான் அந்த இரும்புருண்டை தன் குணத்தைக் காட்டியது. எரிபொருள் போதிய ஒட்சிசன் பெற்று எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். ஒட்சிசன் குறைந்தால் காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. பிரெஞ்சு அறிஞர் குளோட் பேணாட் 1857 இல் வெளியிட்ட விரிவுரைகளில், அது குருதியிலுள்ள ஒட்சிசனின் இடத்தைப் பற்றிக்கொள்வதை விளக்கினார். ஜே. எஸ். ஹோல்டேன் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர் 1895 இல் அதைத் தாமே சுவாசித்து, தம் உடலின் தளர்ச்சியைக் குறித்துக்கொண்டே வந்தார். குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இந்த நஞ்சைப் பிடித்துக்கொள்கின்றது. அவர் ஆலோசனைப்படி சுரங்கங்களில் எலியும் சிறு பறவைகளும் வைக்கப்பட்டன. மனிதர் மயங்குமுன் அவை மயங்கும். பிரித்தானியச் சுரங்கங்களில் கனேரிக் குருவிகள் 1986 வரை இப்பணியைச் செய்தன.

சுரங்கத்துக்குக் குருவி இருந்தது. வீட்டுக்கு என்ன இருந்தது? 1902 செப்டெம்பர் 28 ஆம் நாள் இரவு, நாவலாசிரியர் எமில் சோலாவும் மனைவியாரும் பாரிஸ் நகரத்துத் தம் இல்லத்தில் நிலக்கரிக் கணப்பு மூட்டிய அறையில் கதவடைத்துத் துயின்றனர். நள்ளிரவில் இருவருக்கும் தலைவலியும் குமட்டலும் கண்டன. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே எண்ணி, பணியாளரை எழுப்பவேண்டாம் என்றார் சோலா. பின்னர் யன்னலைத் திறக்க எழுந்தவர் தரையில் விழுந்தார். காலையிற் கதவை உடைத்துச் சென்றபோது அம்மையார் உயிரோடிருந்தார், சோலா பிழைக்கவில்லை. புகைக்கூடு அடைபட்டிருந்தது காரணம் எனப்பட்டது. பின்பு அதே அறையில் தீமூட்டி, கினி எலிகளை வைத்துப் பார்த்தபோது அவை இறக்கவில்லை. கூரை வேலைக்காரன் ஒருவன் பகைமையால் வேண்டுமென்றே அடைத்தான் என்ற செய்தி 1953 இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் வந்தது, அது நிரூபிக்கப்படவில்லை. சரித்திரக்காரர் அந்தச் சதியைப் பற்றியே மிகுதியாக எழுதுவர். எனக்கோ, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்ற அந்த எண்ணமே முக்கியமாகப் படுகின்றது. ஒரே வீட்டில் ஒரே வேளையில் பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே சென்றால் தணியுமானால், அது பெரும்பாலும் அடுப்பின் குற்றம், வயிற்றின் குற்றமன்று.

1952 டிசம்பரில் இலண்டனை மூடிய கரும்புகைப் பனியில் நாலாயிரம் பேர் மாண்டதாக அக்காலத்தில் மதிப்பிட்டனர். பிற்காலக் கணிப்புகள் அதைப் பன்னீராயிரம் வரை உயர்த்தின. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிக் கணப்புகள் நீங்கி, அதே கணப்படுப்புகளில் வாயுக் கணப்புகள் அமர்ந்தன. பழைய புகைக்கூட்டுக்கும் புதிய கணப்புக்கும் நேர்ந்த அந்தச் சம்பந்தம் எளிதானதன்று. நூறாண்டுப் புகைக்கரி, உதிர்ந்த செங்கல், காக்கைக் கூடு எல்லாம் மேலேயிருந்து விழும். ஆகவே முதலில் புகைக்கூட்டைத் துடைக்கவேண்டும். கணப்படுப்பின் வாயைத் தகட்டால் மூடவேண்டும். கணப்பின் குழாய்க்குக் கீழே, விழுவன தங்குவதற்கு வெற்றிடம் விடவேண்டும். இவற்றைச் செய்யாமல் கணப்பை மாத்திரம் பொருத்தினால், விழுந்த குப்பை குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். அறையில் இருப்பவனுக்கோ தழல் முன்போலவே அழகாகத் தெரியும்.

நிலக்கரி வாயுவிலே காபனோரொட்சைட்டு முன்பே கலந்திருந்தது. எரியாமல் கசிந்தாலே கொல்லும். 1965 இல் வடகடலில் இயற்கை வாயு கண்டெடுக்கப்பட்டு, 1967 முதல் 1977 வரை ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளரின் அடுப்புகள் வீடு வீடாகச் சென்று மாற்றப்பட்டன. இயற்கை வாயு பெரும்பாலும் மெதேன். அதில் அந்த நஞ்சு இல்லை. இனி அச்சமில்லை என்று பலர் எண்ணினர். பாதிதான் உண்மை. கசிவு நஞ்சாவது நின்றது. காற்றில்லாமல் எரிந்தால் நஞ்சு உண்டாவது நிற்கவில்லை. வெடிக்கும் ஆபத்தும் அப்படியே இருந்தது. 1968 மே 16 அதிகாலையில், கிழக்கு இலண்டனில் ரோனன் பொயின்ற் என்ற இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் பதினெட்டாம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்காகத் தீக்குச்சி கிழித்தார். வாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் மாண்டனர். அடுப்புக்குச் செல்லும் குழாயை இணைத்த பித்தளை மரையொன்று தரக்குறைவானது என விசாரணை கண்டது. அதன் விளைவாக 1970 இல் வாயுப் பொருத்துநருக்கெனப் பதிவேடு தோன்றியது. 1972 இல் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991 முதல் பதிவு கட்டாயமாயிற்று. வாயுக் கணப்பைத் தானே பொருத்திக்கொள்வது வீட்டுக்காரனின் கெட்டித்தனம் என்ற எண்ணம் அதனோடு மறைந்தது. நல்லதே நடந்தது என்பேன்.

அறையின் காற்றை நம்பியிராத கணப்பும் இதற்கிடையே பரவியது. ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த இரு குழாய்கள் வெளிச்சுவரை ஊடுருவிச் செல்லும். ஒன்றின் வழியே வெளிக்காற்று நெருப்புக்கு வரும். மற்றதன் வழியே எரிந்த வாயு வெளியேறும். இரண்டின் வாயும் ஒரே இடத்தில் இருப்பதால் காற்று எத்திசையில் வீசினும் அழுத்தம் சமமாகும். நெருப்பு கண்ணாடிக்கு அப்பால் அறையோடு சம்பந்தமின்றி எரியும். பிராங்கிளின் அளந்த கதவிடைவெளி இதற்கு வேண்டியதில்லை. 1998 ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகளின்படி, குளியலறையில் புதிதாகப் பொருத்தும் வாயுக் கணப்பு இவ்வகையினதாகவே இருத்தல்வேண்டும். படுக்கையறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்டதற்கும் அதுவே விதி. அதற்குக் குறைந்ததாயின், அறைக்காற்று கெடும்போது தானாகவே அணைக்கும் கருவியாவது அதில் இருக்கவேண்டும். இக்குழாயின் வெளிவாய் யன்னலுக்கு அருகே வந்துவிடக்கூடாது. செடிகொடிகளால் மூடப்படவும் கூடாது. வெளியே போனது யன்னல் வழியே திரும்பிவருமாயின் குழாய் இட்டதிற் பயனென்ன?

நம் நாட்டில் வெள்ளையர் காலத்து நுவரெலியா வங்களாக்களின் கூரைகளில் இன்றும் புகைக்கூடுகள் நிற்கின்றன. அவற்றுட் பல மூடப்பட்டு நெடுங்காலமாயிற்று. மூடிய புகைக்கூட்டின் கீழே நெருப்பு வைப்பதும், குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் கொணர்ந்து கதவடைத்துத் துயில்வதும் ஒரே செயலே. கரித்தணலும் புகைவதில்லை, ஆனால் காபனோரொட்சைட்டை நிறையவே தரும்.

மூக்குக்கு எட்டாத இந்த நஞ்சை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. இங்கிலாந்திலே 2022 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம், எரிபொருளால் இயங்கும் கணப்போ கொதிகலனோ பொருத்தப்பட்ட வாடகை வீட்டு அறை ஒவ்வொன்றிலும் அக்கருவியை வைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமையாயிற்று. சமையலுக்குரிய வாயு அடுப்பு மாத்திரம் அவ்விதியினின்று விலக்கப்பட்டுள்ளது.