பவளத்தின் பசி

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியில் தறிக்குழியில் கால்வைத்து அமர்ந்து நெய்து எடுக்கப்படும் பட்டும், தங்க மணிகளுக்கிடையே கோத்து அணியப்படும் பவளமும் நம் கல்யாண வீடுகளில் தொன்றுதொட்டு ஒன்றாகவே வந்து சேர்பவை. இரண்டும் சின்னஞ்சிறு ஜந்துக்களின் உடலிலிருந்து பிறந்தவை; ஆயினும் பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை வேண்டும் என்பதை அறியாத நெசவாளர் எவரும் இரார், பவளத்துக்கும் பசி உண்டு என்பதை எண்ணிப் பார்த்தவரோ நம்மிடையே மிகச் சிலரே. ஆகையால் பவளத்துக்கும் அதன் உறவான கடல் சாமந்திக்கும் மனிதன் ஆகாரம் ஊட்டக் கற்றுக்கொண்ட வரலாற்றைக் கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பட்டு நகரத்திலிருந்து சொல்லத் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றினாலும் பொருத்தமற்றதன்று.

பவளம் நமக்கு உயிரற்ற பொருளாகவே அறிமுகமாயிற்று. சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் பவளக்காரத் தெரு இருக்கிறது. மத்தியதரைக் கடலில் எடுத்த செம்பவளத்தை லண்டன் வழியாகத் தருவித்து, அதற்கு மாற்றாக வைரத்தை ஏற்றுமதி செய்த யூத வணிகர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரில் செழித்திருந்தார்கள். அது நகையாகவேனும் மதிக்கப்பட்டது. நம் சொந்த மன்னார் வளைகுடாவில் விளையும் முருகைக்கல் என்ற பவளப்பாறைக்கு அந்தக் கௌரவமும் வாய்க்கவில்லை. சுண்ணாம்புக்கும் கார்பைடுக்குமாக அதை வெட்டி வெட்டி எடுத்ததன் பலனாகப் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருள் மூழ்கிப் போயின. கல் என்று எண்ணியதைக் கல்லாகவே நடத்தினோம்.

ஐரோப்பியரும் நெடுங்காலம் இதே மயக்கத்தில் இருந்தவர்கள்தாம். பவளக் கிளையின் நுனியில் விரிவதை மலர் என்று மார்சிலி என்ற பண்டிதர் உரைக்க, 1720களில் மார்செய் நகரத்து வைத்தியரான பெய்சொனெல், அது மலரன்று, பிராணி என்று கண்டு எழுதியபோது, பாரிஸ் கலைக்கழகத்து வித்வான்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1740களில் திரெம்ப்ளே குளத்து நீரில் கிடந்த ஹைட்ரா என்ற சிற்றுயிர் தன் கைகளால் இரையைப் பற்றி விழுங்குவதை விளக்கிக் காட்டிய பின்னரே பெய்சொனெலின் கூற்றுக்குச் செவிசாய்த்தார்கள். உண்பதைக் கண்டபின்பே அது உயிர் என்று ஒப்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டில் வைத்து ஊட்டும் வழக்கத்துக்கு ஆதிகர்த்தர் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் சர் ஜான் டாலியெல்லைத்தான் சொல்வேன். அவர் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். பதினைந்து நாளைக்கொருமுறை ஒரு மட்டியின் பாதிச் சதை, மாற்றிக் கொடுக்கும் கடல் நீர், இவ்வளவே அதன் ஜீவனாம்சம். வளர்த்தவர் 1851-இல் காலமானார். சாமந்தியோ கைமாறிக் கைமாறி, ‘பாட்டி’ என்று பெயர் பெற்று, ஒரே இரவில் 200க்கும் மேற்பட்ட குஞ்சுகளை ஈன்ற கீர்த்தியும் அடைந்து, 1887 வரை உயிர் வாழ்ந்தது. அந்நாளில் வெப்பத்தை அளந்து காக்கும் யந்திரமோ நீரை வடிக்கும் கருவியோ அதற்கு இருந்ததில்லை. குறைவாக ஊட்டியதே அதன் ஆயுளுக்குக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. 1846-இல் அன்னா தைன் என்ற அம்மையார் டார்க்வே கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து ஏறக்குறைய மூன்றாண்டு காத்த கதையும் உண்டு. காற்று ஏறுவதற்காகத் திறந்த ஜன்னலருகே நின்று நீரைப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அவ்வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரைச் சரித்திரம் பொருட்படுத்தவில்லை.

நம் ராஜதானியில் இந்தக் கலைக்கு வித்திட்டவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த அவர், ராமேசுவரத்துக்குச் சென்று மன்னார் வளைகுடாவின் கடற்பிராணிகளைச் சேகரித்து எழுதியவர். அவரே 1899-இல் சென்னை ராஜதானியின் பட்டு நெசவைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். தறியையும் முருகைக்கல்லையும் ஒரே பேனாவால் எழுதிய மனிதர் வேறொருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய முயற்சியால் 1909-இல் மெரினாவில் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சிசாலையை 1919-இல் மீன்துறை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது.

இதற்கிடையே பவளம் உண்மையில் எதைத் தின்கிறது என்ற விவாதம் வளர்ந்தது. 1928-29-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் யங், பவளம் முற்றும் மாமிசபட்சிணி, அதன் தசையில் குடியிருக்கும் நுண்பாசி அதற்கு உணவு தருவதில்லை என்று முடிவு கட்டினார். 1958-இல் மஸ்கட்டின், ஹாண்ட் என்ற இருவர் கதிரியக்கக் கரியைக் கொண்டு சோதித்து, பாசி வெயிலில் சமைத்ததில் ஒரு பங்கு சாமந்தியின் உடலுக்குள் போவதைக் காட்டினார்கள். யங் முழுவதும் தவறினார் என்றும் சொல்வதற்கில்லை. பாசி பெரும்பாலும் சக்தியைத் தருகிறது; தசை வளர்வதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் இரையிலிருந்தும் வரவேண்டும். விளக்கை மட்டும் நம்புகிறவனும் தீனியை மட்டும் நம்புகிறவனும் பாதி அறிந்தவர்களே.

தீனியில் முதன்மையானது ஆர்ட்டீமியா என்ற உப்பளத்துச் சிற்றிறால். தூத்துக்குடி உப்பளங்களிலும் இது உண்டு. மணல் போன்ற அதன் முட்டைகளை உப்பு நீரில் இட்டுக் காற்றோட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிவரும். கரு உணவு உடலில் தீர்வதற்கு முன் ஊட்டிவிட வேண்டும். விளக்கணைந்து சற்று நேரமானபின் பவளம் தன் கைகளை நீட்டும். ரப்பர்க் குமிழுள்ள குழாயால் அவற்றின்மேல் மெல்லத் தூவினால், ஒட்டிய குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக வாய்ப்பக்கம் நகர்வதைக் கண்ணால் காணலாம். சாமந்திக்கு விரல்நகத்தளவு இறால் துண்டு போதும். தொட்டவுடன் கைகள் சுருண்டு பற்றும், வாய் சுருக்குப்பை போலத் திறக்கும். ஜீரணித்த மிச்சத்தை அதே வாயால் கட்டியாக வெளியே தள்ளும். அதிகமாக இட்டால் மிச்சம் அழுகி, நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, வேண்டாத பாசி படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். உணவின்மையால் மாண்ட தொட்டிகளைவிட உபசாரத்தால் மாண்ட தொட்டிகளே அதிகம் என்பது என் துணிபு.

இத்தகைய தொட்டியை ஆரணியில் வைக்க நினைத்தால், இங்கே சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும். பவளமோ அத்தனை வெப்பத்தைத் தாங்காது. பொட்டலத்தில் வரும் கடலுப்பைக் கலந்து நீரைச் செய்துகொள்ளலாம், குளிர்விக்கும் யந்திரத்துக்கு மின்சாரமும் செலவழிக்கலாம். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, முருகைக்கல்லை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு ஒரே வரிசையில் நிற்பவை. கடல் சாமந்தியோடு கூடி வாழும் கோமாளி மீனை மண்டபம் ஊரிலுள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டிவிட்டார்கள். அதை வாங்கி வளர்க்கலாம். நம் கடல் பவளத்தைப் பாலிதீன் பையில் யாரேனும் கொண்டுவந்து விற்றால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள்.