கண்டி வாவியும் கன்னொருவ நிலையமும்

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல்வெளியை மறித்து வாவியொன்றை அமைக்கத் தொடங்கினான். 1812இல் பணி நிறைவெய்தியது. மூன்றே ஆண்டுகளில் அரசு பறிபோயிற்று. மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். வாவி மட்டும் எஞ்சியது.

அவ்வாவி நிரம்பி வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாகி, நகரை ஊடறுத்துச் சென்று மகாவலி கங்கையில் கலக்கிறது. நகரம் பெருகியபோது கடைகளும் விடுதிகளும் வீடுகளும் தமது கழிவுநீரை அந்த ஓடையிலேயே விட்டன. நான் இளம் நிருபராக அதன் கரையோரம் நடந்த நாட்களில் மூக்கைப் பொத்தாமல் கடந்ததில்லை.

1865இல் மாநகர சபை உருவானது. குழாய் வடிகால் இல்லாத காலத்தில் நகரின் மலத்தை வாளிகளில் சுமந்து அகற்றியவர்கள் யார்? தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மகியாவையில் குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களே. கண்டியின் அழகை எழுதியோர் பலர். அதனைத் துப்புரவாக வைத்திருந்த கைகளை எழுதியோர் சிலரே.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகரானது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1999 மே மாதத்தில், வாவி நச்சுப்பாசி படர்ந்து பச்சையாயிற்று. கழிவோடு சேரும் ஊட்டச்சத்து மிகுந்தால் நீர்நிலை என்னவாகும் என்பதை நகரத்தார் கண்ணாரக் கண்டனர்.

2010இல் ஜப்பான் ஏறத்தாழ 1,400 கோடி யென் கடனளிக்க ஒப்பந்தம் கைச்சாத்தானது. அத்திட்டத்தின்படி நகரின் கழிவுநீரைக் குழாய்வழி திரட்டிச் சுத்திகரிக்க, கன்னொருவையில் நிலையம் எழுந்தது. அங்கு காற்றூட்டப்பட்ட நீரில் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. பின்னர் சேறு அடியில் படிகிறது. தெளிந்த நீர் ஆற்றுக்குச் செல்கிறது.

படியவிடுவதற்குப் பதிலாக வடிகட்டினால் என்ன? இக்கேள்வியிலிருந்தே சவ்வு வடிகட்டல் பிறந்தது. இந்தியரான சௌரிராஜனும் அமெரிக்கரான லோபும் கலிபோர்னியாவில் 1960ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சவ்வு, கடல்நீரைக் குடிநீராக்கும் வழியைத் திறந்தது. 1989இல் ஜப்பானியரான யமமொட்டோ, நுண்துளைச் சவ்வுகளைக் கழிவுநீர்த் தொட்டியினுள்ளேயே அமிழ்த்தி, உறிஞ்சி எடுக்கும் முறையை வெளியிட்டார். மயிரிழையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய துளைகள் பற்றீரியாவையும் தடுத்துவிடுகின்றன. படிவுத் தொட்டி தேவைப்படாததால் இடமும் மிச்சமாகிறது. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் 2019 முதல், சுத்திகரித்த கழிவுநீரை மீண்டும் சவ்வில் வடித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன.

சமதரை அரிதான மலைநகருக்கு இது பொருத்தமானதே. ஆயினும் மறுபக்கமும் உண்டு. சவ்வுகள் அடைத்துக்கொள்ளும், இரசாயனம் கொண்டு கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கொருமுறை வெளிநாட்டிலிருந்து தருவித்து மாற்ற வேண்டும், மின்சாரமும் அதிகம் தேவை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டையும் டொலர்த் தட்டுப்பாட்டையும் கண்ட நாட்டில் இவை சிறு தடைகளல்ல.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கன்னொருவைக்குக் கீழே, கட்டுகஸ்தோட்டையில் அதே ஆற்றிலிருந்துதான் குடிநீர் எடுக்கப்படுகிறது. அதற்கும் கீழே, 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்ல அணை அந்நீரை வடக்கே வறண்ட வலயத்துக்குத் திருப்புகிறது. மேலே இருப்பவன் விடுவதைக் கீழே இருப்பவன் குடிக்கிறான் என்பதே மகாவலியின் கணக்கு.

ஆகவே, முதலில் ஒவ்வொரு வீடும் கடையும் குழாயில் இணையட்டும். இணையாத வீட்டின் கழிவை எந்தச் சவ்வும் வடிக்காது. அதன்பின், நிலையத்தை விரிவாக்கும் நாள் வரும்போது, சவ்வுக்கான செலவைக் கணக்கிடுவோர் கட்டுகஸ்தோட்டைக் குடிநீரின் விலையையும் அதே தாளில் எழுதட்டும். மகியாவைத் தொழிலாளி இறக்கிவைத்த வாளியை ஆற்றின் தலையில் ஏற்றிவைப்பது நாகரிகமாகாது.