மோட்டார் வாகன நட்டஈட்டு மேன்முறையீடு: கண்டி

வீதி விபத்தில் காயமுற்றவரோ உயிரிழந்தவரின் குடும்பத்தாரோ கோரும் நட்டஈடு குறித்த முடிவை, மேலான ஓர் அமைப்பு மீண்டும் பரிசீலிக்கும் முறையே மோட்டார் வாகன நட்டஈட்டு மேன்முறையீடு எனப்படுகிறது. இதற்கென்றே தனியான அரசு ஆணைக்குழுக்களைக் கனடாவின் சில மாகாணங்கள் வைத்துள்ளன. இந்தியாவில் முதல் விசாரணையே தனித் தீர்ப்பாயத்தில் நடக்கிறது. இலங்கையில் இவ்விரண்டும் இல்லை. விபத்து நட்டஈடு இங்கு காணி வழக்கு, கடன் வழக்குகளோடு சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்குகிறது. மத்திய மாகாணத்தில் அதன் மேன்முறையீடு கண்டியிலுள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஆகவே வேறு நாடுகளில் ஒரு சபையின் செயலாளர் அலுவலகம் பார்க்கும் நிர்வாக வேலையை இங்கு நீதிமன்றப் பதிவாளரும் அவரது எழுதுவினைஞர்களும் பார்க்கிறார்கள்.

சட்ட அடித்தளம்

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் தீவு முழுவதற்கும் மாவட்ட நீதிமன்ற முறையைக் கொண்டுவந்தது. கண்டிச் சட்டம் மௌனமாக இருக்கும் விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. அந்த வழியாகவே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம் மலைநாட்டுக்குள் வந்தது. கவனயீனத்தால் ஒருவருக்கு நட்டம் விளைவித்தவர் அதை ஈடுசெய்ய வேண்டும் என்ற அதன் கோட்பாடு, மோட்டார் வாகனம் தீவுக்கு வருமுன்னரே கண்டியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்றும் பேராதனையில் பேருந்து மோதிய பாதசாரியின் வழக்கு அந்தக் கோட்பாட்டின் மீதே நிற்கிறது.

இதோடு இரண்டு சட்டங்கள் முக்கியமானவை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். காயமுற்றவர் பக்கத்திலும் தவறு இருந்தால் பழையபடி வழக்கை முற்றாகத் தள்ளாமல், தவறின் அளவுக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைப்பதற்கு 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. எந்தப் பக்கத்தில் எத்தனை வீதம் தவறு என்பது மேன்முறையீடுகளில் அடிக்கடி கிளறப்படும் கேள்வியானது அதன் பின்னரே.

வாகனமும் கட்டாயக் காப்புறுதியும்

கொழும்பையும் கண்டியையும் இணைத்த வீதி, ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் 1820களில் கடுகண்ணாவை மலையை வெட்டி அமைக்கப்பட்டது. 1832இல் அதன் வழியே குதிரைத் தபால் வண்டி ஓடியது. இருபதாம் நூற்றாண்டில் காரும் லொறியும் பேருந்தும் அதே ஏற்றத்தைப் பகிர்ந்துகொண்டபோது, விபத்தில் சிக்கியவருக்கு வழக்கில் வென்றும் பணம் கிடைக்காத நிலை எழுந்தது. லொறிக்காரரிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் கடதாசியே.

இதே சிக்கலுக்குப் பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மருந்தாகக் கண்டது. இலங்கை அதைப் பின்பற்றி 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டத்தில் அந்த விதியைச் சேர்த்தது. காப்புறுதிக் கம்பனியின் பொறுப்பு எதுவரை செல்லும் என்ற கேள்வியில், சிலோன் மோட்டார் இன்சூரன்ஸ் அசோசியேஷன் தரப்பான வழக்கொன்று 1953இல் இலண்டனின் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அன்று அதுவே இறுதி மேன்முறையீட்டு மன்றம்.

1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பிடித்தது. பல திருத்தங்களுடன் இன்றும் செல்லுபடியாவது இதுவே. காப்புறுதி இல்லாத வாகனத்தை வீதியில் செலுத்துவது குற்றம் என்பதும், வாகனக்காரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் காப்புறுதியாளர் அதைச் செலுத்த வேண்டும் என்பதும், அதற்கு வழக்கின் தொடக்கத்திலேயே அவருக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும் என்பதும் இதன் விதிகள். இந்த அறிவித்தலைத் தவறவிட்டால், வழக்கில் வென்ற பின்னும் கம்பனி கைகழுவிவிட இடமுண்டு.

அதே சட்டத்தில் ‘மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பும் இருந்தது. ஆனால் அது பார்த்தது பேருந்துப் பாதை உரிமம் போன்ற, மோட்டார் போக்குவரத்து ஆணையாளரின் முடிவுகளை. கண்டி ஒம்னிபஸ் கம்பனி அத்தீர்ப்பாயத்தின் முடிவொன்றை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்ற 1954ஆம் ஆண்டு வழக்கு, தீர்ப்பாயங்களை நீதிமன்றம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுவது. பாதை உரிமத்துக்கு ஒரு தீர்ப்பாயத்தை அமைத்த சட்டவாக்கம், கால் இழந்தவரின் நட்டஈட்டுக்கு அப்படியொன்றை அமைக்கவில்லை. 1958 ஜனவரி 1 அன்று பேருந்துகள் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் அரசுடைமையானபோது தனியார் கம்பனிகளிடையிலான பாதைச் சண்டையும் அடங்கிப்போனது.

காப்புறுதி அரசின் கையில்

1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இலங்கை காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. ஆயுள் காப்புறுதி 1962இலும், வாகனக் காப்புறுதியை உள்ளடக்கிய பொதுக் காப்புறுதி 1964இலும் அதன் தனியுரிமையாயின. அதன் பிறகு கண்டியில் விபத்தில் சிக்கியவர் எந்த வாகனத்தின் மீது வழக்குத் தொடுத்தாலும், பணம் கொடுக்க வேண்டிய இடம் அரசு நிறுவனமாகவே இருந்தது. வாகனக் காப்புறுதியை அரசே நடத்திய கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தை இந்த ஒரு விடயத்தில் இலங்கை ஒத்திருந்தது. தவறு யாருடையது என்று நிறுவாமலே நட்டஈடு வழங்கும் முறையோ, கூட்டுத்தாபனத்தின் முடிவை மறுபரிசீலிக்கும் சபையோ மட்டும் வரவில்லை.

1980இல் தேசிய காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இரண்டாவது அரசு நிறுவனமாகப் போட்டிக்கு வந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின் தனியார் கம்பனிகளும் களமிறங்கின. இலங்கை காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டது. அந்த விற்பனையை உயர் நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்க, அது அரசிடம் திரும்பியது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துறைக்கு ஓர் ஒழுங்குபடுத்தும் சபையை அமைத்தது. இன்று அதன் பெயர் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு.

கொழும்பிலிருந்து கண்டிக்கு

1978 வரை மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு மீதான மேன்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கும், அவ்வாண்டின் அரசியலமைப்புக்குப் பின் புதிய மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் சென்றது. இரண்டும் கொழும்பில். தீவு முழுவதிலிருந்தும் வந்த கோவைகள் அங்கு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. கண்டிக் கட்சிக்காரர் தவணைக்குத் தவணை கடுகண்ணாவை இறங்கிப் போய்வர வேண்டியிருந்தது. கொழும்புச் சட்டத்தரணிக்கான கட்டணம் வேறு.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்குப் பகிர்ந்தது. மேன்முறையீட்டைக் குறைந்தது இரண்டு நீதிபதிகள் கேட்க வேண்டும். அதற்கும் மேலே போக விரும்புபவர் உயர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். கண்டியில் பதியப்படும் மேன்முறையீட்டின் இலக்கம் ‘சி.பி./எச்.சி.சி.ஏ./கே.ஏ.என்.’ என்று தொடங்கி, வரிசை எண்ணும் ஆண்டும் தாங்கி, ‘எஃப்.ஏ.’ என்று முடியும். மத்திய மாகாணம், குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம், கண்டி, இறுதித் தீர்ப்பு மீதான மேன்முறையீடு என்பன அவ்வெழுத்துகள் குறிப்பவை.

2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்விடம் நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அத்தகைய விபத்து ஒன்று குறித்து மத்திய மாகாண மாவட்ட நீதிமன்றம் எதிலும் வழக்குத் தொடரப்பட்டால், அதன் மேன்முறையீடு வரவேண்டிய இடம் கண்டியே.

பதிவகத்தின் வேலை

மேன்முறையீட்டின் தலைவிதி பெரும்பாலும் நீதிபதி கோவையைத் திறக்குமுன்னரே, பதிவகத்தின் நாட்காட்டியில் முடிவாகிவிடும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை இரண்டு காலக்கெடுக்களை விதிக்கிறது. தீர்ப்பளித்த நீதிமன்றத்தில் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைத் தாக்கல் செய்ய வேண்டும்; 60 நாட்களுக்குள் மனுவைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் எண்ணும் முறை வேறு. 14 நாள் கணக்கில் தீர்ப்பு நாள், தாக்கல் நாள், ஞாயிறுகள், பொது விடுமுறைகள் நீக்கப்படும். மாதந்தோறும் வரும் போயா தினமும் அதில் அடக்கம், சனிக்கிழமை நீங்காது. 60 நாள் கணக்கில் இப்படி எதையும் கழிப்பதில்லை. முதல் கணக்கின் பழக்கத்தில் இரண்டாவதை எண்ணியவர் மனுவைப் பிந்திக் கொண்டுவந்து நிற்பார்.

அறிவித்தலுடன் எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அதன் பிரதி எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்பட்டதற்கான சான்றும் இணைந்திருக்க வேண்டும். அவற்றைச் சரிபார்த்து, திகதி முத்திரை குத்தி, வழக்கேட்டின் நாட்குறிப்பில் எழுதுவது எழுதுவினைஞரின் பொறுப்பு. பின்னர் மூலக்கோவை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். சாட்சியங்களும் ஆவணங்களும் தட்டச்சுப் பிரதிகளாகும். தரப்பினர் கட்டணம் செலுத்தி அவற்றைப் பெறுவர். சிறு பிழையோ விடுபாடோ நேர்ந்து, அதனால் எதிர்த்தரப்புக்குப் பெரும் பாதகம் இல்லையென்றால் நீதிமன்றம் நிவாரணம் வழங்கலாம் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 759ஆம் பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவைத் தேடிப்போகும் நிலைக்குத் தள்ளாமல் காப்பதே நல்ல பதிவகத்தின் இலட்சணம்.

விபத்துக் கோவை மற்றக் கோவைகளிலும் தடிப்பானது. பொலிஸ் முறைப்பாட்டின் சாற்று, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், தடுப்பு சரியாக வேலை செய்ததா என்று சொல்லும் மோட்டார் வாகனப் பரிசோதகர் அறிக்கை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, வைத்தியசாலைச் சீட்டுகள், சம்பளத் துண்டுகள், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியன அதில் இருக்கும். நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்கு எதிராகக் குற்றவியல் வழக்கும் நடந்திருந்தால் அதன் பிரதிகளும் சேரும். வரைபடத்தில் பேருந்தின் சில்லுத் தடம் வெள்ளைக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது பல ஆண்டுகளுக்குப் பின் மேல் நீதிமன்றத்தில் வாதமாகும்போது, மங்கிய பிரதி ஒன்று வழக்கையே மங்கச் செய்துவிடும்.

மேன்முறையீடு தாக்கலானதால் மட்டும் தீர்ப்பின் நிறைவேற்றம் தானாக நின்றுவிடாது. வென்றவர் பணத்தை அறவிட விண்ணப்பிக்கலாம். தமக்குப் பெரும் நட்டம் நேரும் என்று மறுதரப்பு காட்டினால் நீதிமன்றம் அதை நிறுத்திவைக்கலாம். உழைக்கும் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு இந்த இடைக்கால விண்ணப்பம் சில வேளை மேன்முறையீட்டை விடவும் அவசரமானது.

மொழி

கண்டி நீதிமன்றங்களின் நடவடிக்கை மொழி சிங்களம். கண்டி நகரின் தமிழ் பேசும் வணிகர்களும் முஸ்லிம்களும், கலஹா, புசல்லாவை பகுதித் தோட்டத் தொழிலாளர்களும் இந்த நீதிமன்றங்களுக்கே வருகிறார்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, மனுவைத் தமிழிலும் கொடுக்கலாம். நடவடிக்கை மொழி தெரியாதவர் அரசின் செலவில் உரைபெயர்ப்பைப் பெறலாம். வழக்கேட்டின் உரிய பகுதிகளையும் தமக்குத் தெரிந்த மொழியில் கேட்டுப் பெறலாம். வழக்கு விசாரணையின்போது ‘முதலியார்’ என்று அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் வாய்மொழியைச் சிங்களத்தில் சொல்ல, பதிவாவது அதுவே. மேல் நீதிமன்றம் சாட்சியைக் காண்பதில்லை. பதிவை மட்டுமே வாசிக்கிறது. ‘பஸ் விலத்த வந்தது’ என்று தோட்டத் தமிழில் சொன்னது, முந்த முயன்றது என்று பதிவானதா, ஒதுங்க முயன்றது என்று பதிவானதா என்பதில் தவறின் வீதமே மாறக்கூடும்.

நீதிமன்றத்துக்கு வெளியே

தமது சொந்தக் காப்புறுதிக் கம்பனி கிளெய்மை மறுத்தால், வாகன உடைமையாளர் முதலில் கம்பனிக்குள்ளேயே முறையிடலாம். பின்னர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையோ, காப்புறுதிக் கம்பனிகள் 2005இல் ஏற்படுத்திய காப்புறுதிக் குறைகேள் அதிகாரியையோ நாடலாம். மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனத்தால் பாதிக்கப்பட்டவருக்கு, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் நிதியத்திலிருந்து உதவி பெற வழியுண்டு. இவ்வலுவலகங்கள் கொழும்புப் பகுதியிலேயே உள்ளன. மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டிக்கு வந்ததுபோல் இவை வரவில்லை.

பிற நாடுகள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1927இல் வாகனக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. காப்புறுதி தொடர்பான முறையீடுகளைக் கேட்கும் சபை ஒன்றும் அங்கு இயங்குகிறது. நியூசிலாந்து 1974 முதல், தவறு யாருடையது என்று கேளாமலே விபத்தில் காயமுற்றவருக்கு நட்டஈடு வழங்குகிறது. கனடாவின் மனிட்டோபா 1994இலும் சஸ்காச்சுவான் 1995இலும் வாகன விபத்துக்கு அதே வழியை எடுத்தன. அரசு காப்புறுதி நிறுவனத்தின் முடிவில் திருப்தியில்லாதவருக்கு இரு மாகாணங்களிலும் தனி மேன்முறையீட்டு ஆணைக்குழு உண்டு.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மோட்டார் விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயங்களுக்கு இடமளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீர்ப்பாய முடிவின் மீது 90 நாட்களுக்குள் மாநில உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். இலங்கையும் இந்தியாவும் ஒரே பிரித்தானியச் சட்டத்தைப் பார்த்துக் கட்டாயக் காப்புறுதிக்கு வந்தவை. தீர்ப்பாயம் என்ற இடத்தில்தான் அவற்றின் பாதை பிரிந்தது.

இன்றைய நிலை

2006ஆம் ஆண்டுச் சட்டம் தூரத்தைக் குறைத்தது, நடைமுறையை மாற்றவில்லை. காணிப் பிணக்குக்கென வகுத்த அதே அறிவித்தல், அதே பிணை, அதே தட்டச்சுப் பிரதிகள் ஒரு விபத்துக் குடும்பத்துக்கும் பொருந்துகின்றன. தனி ஆணைக்குழு ஒன்று அமைந்தாலும் நாட்களை எண்ணவும், ஆவணங்களை ஒழுங்காக்கவும், இரு மொழியிலும் பதியவும் ஆட்கள் வேண்டும். கண்டிப் பதிவகத்துக்கு அந்த ஆட்களையும் தகுதியான மொழிபெயர்ப்பாளர்களையும் போதிய அளவில் தருவது, புதிய சட்டம் எதுவும் இல்லாமலே இன்று செய்யக்கூடிய சீர்திருத்தம்.