டாக்டரா, நர்ஸா?

போன வருஷம் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு வார இறுதி வேலை வந்தது. புறநகரில் இருக்கும் தனியார் கல்லூரி ஒன்றுக்கு டாஷ்போர்டு செய்ய வேண்டும். அவர்கள் நடத்தும் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு எவ்வளவு வெற்றி என்பது ஒரே திரையில் தெரிய வேண்டும். கேட்டது நான்கு எண்கள்தான்: சேர்ந்தவர்கள், தேர்ச்சி விழுக்காடு, வேலை கிடைத்தவர்கள், சராசரிச் சம்பளம். இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துவிட்டேன்.

என் சித்தி பெண் இதே படிப்பை வேறு கல்லூரியில் முடித்தவள். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கும்போது அவளிடம் திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதுல நான் ஒரு டிக் மார்க். வேலை கிடைச்சாச்சு, அவ்ளோதான். ஆனா ஆறு மாசமா வெளிநாட்டு வேலைக்கு அப்ளை பண்ணிட்டிருக்கேண்ணா. அது எங்க வரும்?”

எங்கேயும் வராது. அதற்குக் கட்டமே இல்லை.

அவள் வேலை என்னவென்று எனக்கே அன்றுதான் சரியாகப் புரிந்தது. நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டு எழுதுவது, பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்வது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, எந்த மாத்திரையை ஏன் நிறுத்தியிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்குவது. எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு அவர்கள் கேட்பார்களாம்: “நீங்க டாக்டரா, நர்ஸாம்மா?”

இந்தக் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்களை உருவாக்கத் தொடங்கப்பட்ட இடம் அல்ல. 1835-இல் அது ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியபோது, ராணுவ சர்ஜன்களுக்குக் கீழே வேலை செய்ய அப்போதிக்கரிகளையும் டிரெஸ்ஸர்களையும் பயிற்றுவிப்பதுதான் நோக்கம். இன்றைய பெயரில் சொன்னால், உதவியாளர் படிப்பு. 1850-இல் அது கல்லூரி ஆனது. உதவியாளர் பள்ளி டாக்டர் கல்லூரி ஆனதையே நாம் வெற்றி என்று நினைவு வைத்திருக்கிறோம். அந்த அப்போதிக்கரிகள் எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள் என்பது அந்த நினைவில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்றுக்கொடுத்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசு வேலை தேடி வெளியூர் போய்விடுவதைப் பார்த்தார். நம் டாஷ்போர்டின்படி அது நூறு மார்க். கிரீனுக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. 1860-களில் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். படித்தவன் ஊரில் தங்கினானா என்பதுதான் அவர் வைத்த அளவுகோல்.

இந்தியாவில் இந்த நடுப்படியில் நின்ற பெரிய கூட்டம் எல்.எம்.பி. என்ற லைசன்ஷியேட் டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். படிப்பை விடக் குறைந்த கால அளவில் மருத்துவப் பள்ளிகளில் படித்தவர்கள். நம் தாத்தாக்களின் ஊர்களில் ‘எல்எம்பி டாக்டர்’ என்றால் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்கே ஒரே டாக்டர். 1946-இல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை நாட்டிலிருந்த மருத்துவர்களைக் கணக்கெடுத்தது: பட்டம் பெற்றவர்கள் 17,654, லைசன்ஷியேட்டுகள் 29,870. ஐந்தில் மூன்று பேருக்கு மேல் எல்.எம்.பி.தான். அதே அறிக்கை, இனி ஒரே வகை டாக்டர் போதும், லைசன்ஷியேட் படிப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கமிட்டிக்குள்ளேயே சிலர் மறுத்து எழுதினார்கள், எடுபடவில்லை. தரம் உயர வேண்டும் என்ற காரணம் தப்பில்லை. ஆனால் அந்தப் படிப்பை மூடும்போது எடை போடப்பட்டது அவர்கள் படித்த வருஷங்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் தராசில் ஏறவே இல்லை.

நடுப்படி வேறொரு பெயரில் அமெரிக்காவில் திரும்பி வந்தது. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்து முதல் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் வகுப்பைத் தொடங்கினார். 1967-இல் மூன்று பேர் முடித்தார்கள். தேர்ச்சி விழுக்காடு 75! இன்று அந்த எண்ணை யாரும் பேசுவதில்லை. இந்தியாவுக்கு அது வந்து இறங்கியது நம் சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் தொடங்கினார். அமெரிக்காவில் டாக்டர் பற்றாக்குறையிலிருந்து முளைத்தது, இங்கே இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேர்விட்டது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆக, பெயருக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்கவே கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

சரி, இப்படி ஒரு படிப்பை உண்மையிலேயே எப்படி அளப்பது? சத்தீஸ்கரில் அளந்தார்கள். மாநிலம் பிறந்த சூட்டோடு 2001-இல் மூன்று வருட மருத்துவப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். டாக்டர்கள் எதிர்த்தார்கள், வழக்குகள், குழப்பம். சில ஆண்டுகளில் படிப்பே நின்றுபோனது. ஆனால் முடித்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஊரக மருத்துவ உதவியாளர்களாக அனுப்பினார்கள். 2010-இல் வந்த ஓர் ஆய்வு அவர்களிடம் எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை. வயிற்றுப்போக்கு, மலேரியா, காசநோய் மாதிரி வழக்கமான நோய்களை முன்வைத்து, என்ன கேட்பீர்கள், என்ன நோய் என்பீர்கள், என்ன மருந்து எழுதுவீர்கள் என்று பார்த்தது. அங்கிருந்த எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு இவர்கள் இணையாகவே நின்றார்கள். படிப்பை மூடிய பிறகு, அது வேலை செய்தது என்று தெரியவந்தது.

எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். எதை அளப்பது சுலபமோ அது திரையில் ஏறும்; திரையில் ஏறியதுதான் நாளாக ஆக நோக்கமாகவே மாறிவிடும். அதனால் அந்த டாஷ்போர்டில் நானாக இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். ஒன்று, ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் இதே வேலையில் இருக்கிறார்கள். இன்னொன்று, அவர்கள் வேலை செய்யும் வார்டில் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். இந்த இரண்டாவது எண்ணுக்கு எல்லாப் பெருமையும் பழியும் இவர்களுடையது இல்லைதான். ஆனாலும் மாத்திரையை யாராவது பொறுமையாக விளக்கினார்களா என்பது அதில் எங்கேயோ தெரியும்.

பதில் வந்தது: “நல்லாருக்கு சார். ஆனா இந்த டேட்டா எங்ககிட்ட இல்லையே. எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன். சித்தி பெண்ணிடம் சொன்னபோது சிரித்தாள். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு வெளிநாட்டு இன்டர்வியூ இருக்கிறது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நானே டாலரில் பில் போடும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவள் கிளம்பினால் கல்லூரியின் கணக்கில் சராசரிச் சம்பளம் கொஞ்சம் ஏறும். அந்த வார்டில் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெரியவருக்கு என்ன ஆகும் என்பது எந்தக் கட்டத்திலும் வராது.